இரண்டு மெட்ராஸ்காரர்கள்

1875இல் லண்டனில் ஒரு பயணப் புத்தகம் வெளிவந்தது. மலாக்கா நீரிணை, இந்தோசீனா, சீனா என்று பத்தாண்டுகள் சுற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் எழுதியது. பெயர் ஜான் தாம்சன். புகைப்படக்காரர். பினாங்கில் தங்கியிருந்த மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது, இரண்டு மெட்ராஸ்காரர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துத் தன் படங்களை அச்சிட வைத்துக்கொண்டதாக எழுதுகிறார். சீனர்கள் அந்த வேலைக்கு வர மறுத்துவிட்டார்களாம். மனிதக் கை படாமல் உருவம் விழுவது அவர்களுக்குப் பேய்வேலையாகத் தெரிந்திருக்கிறது. அந்த இருவரையும் 'கிளிங்' என்றும் குறிப்பிடுகிறார். ஊர் இருக்கிறது, இனத்துக்கு ஒரு பட்டம் இருக்கிறது, பெயர் இல்லை.

இதைப் படித்ததும் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. காரணம் அந்த 'கிளிங்' இல்லை. இன்று அது வசைச்சொல். அன்று இங்குள்ள தென்னிந்தியர்களைக் குறிக்க எல்லாரும் சொன்ன வழக்கமான சொல். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்னும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. என்னைத் தடுத்து நிறுத்தியது என் கைப்பேசியில் இருந்த ஒரு படம்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளன். இரண்டு வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக ஷென்செனுக்கு அனுப்பினார்கள். வார இறுதியில் ஹாங்காங் போனேன். ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் ஒரு வயதான பெண்மணி, தன் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய அட்டைகளைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறவர். முதுகு வளைந்து, தலை வண்டிக்குக் கீழே போயிருந்தது. நல்ல வெளிச்சம். எடுத்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கையை முகத்துக்கு நேராக நீட்டிக் கண்டோனீஸில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

அன்றிரவே 'ஹாங்காங் மூதாட்டி' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டேன். நிறைய பேருக்குப் பிடித்தது. ஊருக்குத் திரும்பியபின் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம். பேரு என்னடா இவங்களுக்கு?" என்றார்.

யாரும் கேட்காத கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை.

வெளியூர் போய் உழைக்கும் மனிதர்களைப் படமெடுப்பது எப்போது தொடங்கியது என்று தேடிப் போனபோதுதான் தாம்சன் கிடைத்தார். 1837இல் எடின்பரோவில் பிறந்தவர். ஒளியியல் கருவிகள் செய்யும் பட்டறையில் பயிற்சித் தொழிலாளி. மாலையில் வாட் இன்ஸ்டிடியூஷன் என்ற தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். பகலில் வேலை, இரவில் வகுப்பு. நம்மில் பலருக்குத் தெரிந்த வாழ்க்கை. 1862இல் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். அண்ணன் வில்லியம் ஏற்கெனவே அங்கே இருந்தார். அங்கிருந்து பினாங்கு, பிராவின்ஸ் வெல்லெஸ்லி, சயாம், கம்போடியா, பிறகு சீனா. 1866இல் அவர் எடுத்த அங்கோர்வாட் படங்கள், அந்தக் கோயிலின் மிகப் பழைய புகைப்படங்களில் சேர்ந்தவை.

பிராவின்ஸ் வெல்லெஸ்லி என்பது இன்றைய செபராங் பிறை. நான் பிறந்து வளர்ந்த இடம். நிபோங் திபாலில்தான் பொறியியல் படித்தேன். தாம்சன் வந்த காலத்தில் இது கரும்புத் தோட்டக் காடு. தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று படம் எடுப்பது எப்படி என்று பார்த்தால், அந்த இரண்டு மெட்ராஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது புரியும். 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறை அது. நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அதோடு அயோடைடு உப்பைக் கலந்து கண்ணாடித் தகட்டின் மேல் சீராகப் பரப்பி, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். கையில் இருப்பது ஏறக்குறைய பத்து நிமிடம். நம்மூர் வெயிலில் ஈதர் இன்னும் வேகமாகப் பறந்துவிடும். அதனால் போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் ஆட்கள் சுமந்துபோனார்கள். உழைப்பாளியைப் படமெடுக்க இன்னும் சில உழைப்பாளிகள் தேவைப்பட்டார்கள். அவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள்.

அச்சிடுவது தனி வேலை. முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு உலர்த்தி, கண்ணாடி நெகட்டிவோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைக்க வேண்டும். உருப்பெருக்கம் கிடையாது. கண்ணாடி எவ்வளவோ, படமும் அவ்வளவுதான். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பதற்குக் கடிகாரம் உதவாது, தாளின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் கருகும், குறைந்தால் வெளிறும். தொழிற்சாலையில் இதற்கு இன்று பிராசஸ் கண்ட்ரோல் என்று பெயர், அதற்கென்று தனிச் சம்பளமும் உண்டு. வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பாகும், நாள்கணக்கில் போகாது. கறை படிந்த அந்த விரல்கள் வழியாகத்தான் பினாங்குப் படங்கள் வெள்ளைக்காரர்களின் ஆல்பங்களுக்குப் போயின. அந்தப் படங்களுக்கு அவர்களிடம் நல்ல கிராக்கி இருந்ததாகத் தாம்சனே எழுதியிருக்கிறார்.

தாம்சனைக் குறைசொல்வது சுலபம். ஆனால் அவர் படங்களைப் பார்த்தால் மனசு மாறும். சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் ஜியூஜியாங் என்ற ஊர்த் தெருவில் சூப்பு விற்பவர், முடிதிருத்துபவர், பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் என எல்லாரையும் அவரவர் கருவிகளோடு நிறுத்தி எடுத்திருக்கிறார். அதிகாரிகளுக்குக் கொடுத்த அதே வெளிச்சம், அதே பொறுமை. இதற்காகக் கல்லடியும் பட்டிருக்கிறார். கேமரா மலையை ஊடுருவிப் பார்க்கும், படத்தில் விழுந்தவன் சில வருடங்களில் சாவான் என்று ஜனங்கள் பயந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். 1873, 74 ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வந்த சீனப் புத்தகத்தில் இளவரசர் குங், லி ஹோங்சாங் போன்றோருக்குப் பெயர் இருக்கிறது. தெருவில் நின்றவர்களுக்குத் தொழிலும் ஊரும் மட்டும். படகுக்காரி, பிச்சைக்காரர், காண்டன் வியாபாரி. அந்தக் காலத்தில் இதை 'வகை' என்றார்கள். ஒருவரைப் படமெடுத்து ஒரு கூட்டத்துக்கு மாதிரியாக வைப்பது. நான் எழுதிய 'ஹாங்காங் மூதாட்டி'யும் அதே வகைதான்.

பிறகு தாம்சன் ஊர் திரும்பினார். 1877இல் அடால்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து லண்டன் தெருமனிதர்களைப் பற்றி மாதத்தொடர் ஒன்றைத் தொடங்கினார். பன்னிரண்டு பகுதிகள், பகுதிக்கு மூன்று படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டுரை. அங்கே ஓர் ஆச்சரியம். தெருமனிதர்களில் சிலருக்குப் பெயர் வந்துவிட்டது. கோமாளி கேனி, ஒயிட்சேப்பலின் ஹுக்கி ஆல்ஃப், குதிரை பஸ் ஓட்டிய 'வார்ப்பிரும்பு பில்லி'. பட்டப்பெயர்தான் என்றாலும் ஒரே ஒரு ஆளுக்கு உரிய பெயர். பெயர் இல்லாதவருக்குக் கதை இருக்கிறது. அந்தத் தொடரில் மிகப் புகழ்பெற்ற படம், படிக்கட்டில் குழந்தையோடு சாய்ந்திருக்கும் ஒரு பெண். தையல்காரர் ஒருவரின் விதவை. குழந்தை அவருடையது அல்ல. காப்பிக்கடையில் வேலை செய்யும் இன்னொருத்தியின் பிள்ளை. பார்த்துக்கொள்வதற்குக் கூலியாகத் தேநீரும் ரொட்டியும்.

சீனாவில் பெயர் இல்லை, லண்டனில் இருக்கிறது. ஏன்? முதலில் நான் சொல்லிக்கொண்ட விடை, மொழி. பேச முடிந்தால்தானே பெயர் கேட்க முடியும். எனக்கும் கண்டோனீஸ் தெரியாதே. இந்த விடையில் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் அந்த இரண்டு மெட்ராஸ்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் தெருவில் எதிர்ப்பட்டு மறைந்தவர்கள் இல்லை. தாம்சனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். இத்தனை ரசாயனத்தையும் சொல்லிக்கொடுக்க ஒரு மொழி இருந்திருக்கிறது. தினமும் அவர்களை ஏதோ பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார். ஆனால் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது, லண்டன் வாசகருக்கு அந்தப் பெயர் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆக, மொழி மட்டும் காரணம் இல்லை. பெயர் இருந்தால்தான் படம் முழுமை என்று நாம் யாரை நினைக்கிறோம், யாரை நினைப்பதில்லை என்பதுதான் விஷயம். என்னோடு ஹாங்காங் வந்த சக ஊழியர் ஈப்போக்காரர், கண்டோனீஸ் பேசுகிறவர். பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் கேட்கச் சொல்லவே இல்லை.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "உங்க பாட்டிக்கும் அப்படி ஒரு படம் இருக்கு, தெரியுமா?" என்றார்.

தெரியாது. அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தாராம். பாட்டி மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கங்காணி, "கொஞ்சம் திரும்பி நில்லு" என்றாராம். கையில் உளி, இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. எடுத்தவர் படம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். "ரொம்ப நாள் போஸ்ட்மேன் வந்தா எட்டிப் பாப்பாங்க," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான், ஐசியில் இருந்தது. வேலை செய்யும் பாட்டி எங்களிடம் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், யார் வீட்டு ஆல்பத்திலோ இருக்கலாம். கீழே 'ரப்பர் தோட்டத் தொழிலாளி, மலேசியா' என்று எழுதியிருப்பார்கள். நல்ல வெளிச்சமாகவும் இருந்திருக்கும்.

தாம்சன் 1921இல் இறந்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களில் 600க்கும் மேற்பட்டவை இன்று லண்டன் வெல்கம் தொகுப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பாருங்கள். அழகானவை. அவர் எடுக்காமல் போயிருந்தால் அந்த முகங்களும் நமக்குக் கிடைத்திருக்காது. அதனால் எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டியை யாரும் எடுத்திருக்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். அந்தப் படம் கிடைத்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன்.

என் படத்தை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தால் நான் செய்தது மட்டும்தான் மறையும், அவருக்கு அதனால் ஒன்றும் திரும்பக் கிடைக்காது. 'ஹாங்காங் மூதாட்டி' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'ஷாம் ஷுய் போ. வேண்டாம் என்று கை நீட்டினார். பெயர் கேட்கவில்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு புதிதாக யாரும் லைக் போடவில்லை.