தொலைபேசியும் தரகும்

செய்தியைக் கொண்டு சேர்ப்பது அரசின் கடமை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும், அக்கடமையை எந்த அரசும் தனித்து நிறைவேற்றியதில்லை. முத்திரை விற்ற கடைக்காரர் தொட்டு, இடையே ஒருவர் எக்காலத்தும் இருந்து வந்திருக்கிறார். முத்திரையை அவர் அதன் முகவிலைக்கே விற்பார். சற்றுக் குறைந்த விலைக்கு அஃது அவர் கைக்கு வரும். அவ்வேறுபாடே அவருடைய ஊதியம். அதனைத் தரகு என்பர்; கழிவு என்றும் வணிகர் வழங்குவர்.

இலங்கையில் 1858ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. பின்னர் வந்த தொலைபேசியும் தபாற் பகுதியுடன் இணைந்தே வளர்ந்து, 1980இல் தனித் திணைக்களமாகப் பிரிந்தது. 1989இல் செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசியைக் கொணர்ந்தது. 1991இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1997இல் அதன் 35 வீதப் பங்கினை ஜப்பானிய நிறுவனமொன்று வாங்கியது. அரசின் தனியுரிமை தளரத் தளர, முகவரின் இடம் விரிந்தது.

தமிழ்நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மஞ்சட் பலகை தொங்கிய தொலைபேசிக் கூடங்கள் தெருவுக்குத் தெரு எழுந்தன. பேசுவோர் செலுத்திய கட்டணத்தில் ஒரு பங்கு கூடக்காரருக்கு உரியது. மாற்றுத் திறனாளர் பலருக்கு அது வாழ்வளித்த தொழில். கையடக்கத் தொலைபேசி பரவியதும் அக்கூடங்கள் மறைந்தன.

வன்னியின் கதையோ வேறு. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரால் வடபுலத்தின் தொடர்புகள் அறுந்தன. முல்லைத்தீவிலிருந்து பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிய பெற்றோர், அவர்தம் குரலைக் கேட்பதற்கே நெடுவழி செல்ல வேண்டியிருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு ஏ-9 வீதியும் திறந்தபோது சிறிது வெளிச்சம் பிறந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. மீண்டும் வந்த போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீண்டு வந்த மக்கள் கூரைக்கு அடுத்ததாகத் தேடியவற்றுள் தொலைபேசியும் ஒன்று.

அங்கே முகவரின் தொழில் எளிதாகத் தோன்றும், உண்மையில் எளிதன்று. அவர் முற்பணம் செலுத்தி இருப்பை வாங்குகிறார். வாடிக்கையாளர் சொல்லும் இலக்கத்துக்கு அதிலிருந்து மீள்நிரப்பு அனுப்புகிறார். இலக்கத்தில் ஒன்று பிசகினாலும் பணம் யாரோ ஒருவருக்குப் போய்விடும். கடன் கேட்போருக்கும் குறைவில்லை. நூற்றுக்கு மூன்று ரூபா தரகு என வைத்துக்கொள்வோம். ஒருவர் 100 ரூபாக் கடனைத் திருப்பாவிடின், கைவிட்டுப் போன முதலை மீட்க 3,200 ரூபாவுக்கு மேல் விற்றாக வேண்டும். மீன் படாத நாளில் கடற்றொழிலாளிக்குக் கடன் மறுப்பதும் அயலவருக்கு இயலாத காரியம்.

இப்பொழுது வங்கிக் கணக்கிலிருந்தே மீள்நிரப்பிக்கொள்ள வழியுண்டு. எனினும், கணக்கைக் கையாளத் தெரியாத முதியவருக்கும் நாட்கூலி பெறுவோருக்கும் அயற்கடையே துணை. நிறுவனத்தின் ஏட்டில் தரகு என்பது விற்பனைச் செலவு. முல்லைத்தீவின் சிறு கடையிலோ, அது ஒரு குடும்பத்தின் அடுப்பெரிக்கும் வருவாய். தூரத்துப் பிள்ளையின் குரலைத் தாயின் செவிக்குக் கொண்டு சேர்த்ததற்கான கூலியும் அதுவே.