சுக்கிரனும் கந்தகமும்

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒருவன் திடீரென்று வயலும் வீடும் வாங்கிவிட்டால், "அவனுக்குச் சுக்கிர திசை" என்பார்கள். வெள்ளி மாலையில் தெரியும் மாதங்களில், கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால் ஜோசியரை நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வெண்மை அத்தனையும் கந்தகத் திராவக மேகம்!

இது ஒளியைப் பிரித்துப் படித்து அறிந்த செய்தி. அந்தப் படிப்போடு நம் கொடைக்கானலுக்கும் ஓர் உறவு உண்டு. அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1911 முதல் 1923 வரை இயக்குநராக இருந்தவர் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர். 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெள்ளியின் நிறமாலையைத் தகடுகளில் படம்பிடித்தார். அவருக்கு வேண்டியது வெள்ளி அல்ல, சூரியனின் மறுபக்கம். நமக்குத் தெரியாத முதுகுப் பக்கத்து ஒளியை வெள்ளி திருப்பிக் காட்டும் அல்லவா? கல்யாண வீட்டில் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பெண்ணைப் பார்க்கிற சாமர்த்தியம்தான். கண்ணாடியின் மேல் என்ன படிந்திருக்கிறது என்பது அவர் கேள்வியே அல்ல. கேட்டிருந்தாலும் கந்தகம் அகப்பட்டிராது. கந்தக டையாக்ஸைடு தன் கறையைப் பதிப்பது புற ஊதாப் பகுதியில். அந்த ஒளியில் பெரும்பகுதியை நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் விழுங்கிவிடுகிறது.

கறை கிடைத்தாலும் போதாது. திருடனின் கைரேகையை ஒப்பிடப் போலீஸ் பதிவேடு வேண்டும். இங்கே பதிவேடு, ஆய்வுக்கூடம். 1932-ல் அமெரிக்காவில் ஆடம்ஸும் டன்ஹாமும் வெள்ளியின் ஒளியில் புதிய பட்டைகளைக் கண்டார்கள். நீண்ட குழாயில் கரியமிலவாயுவை அழுத்தி அடைத்து ஒளி பாய்ச்சிய பிறகே ஆள் யாரென்று உறுதியாயிற்று.

மேகம் கந்தகத் திராவகம் என்று 1973-ல் சொன்னார்கள். நூற்றுக்கு 75 பங்கு அமிலம், மீதி தண்ணீர். 1978-ல் பயனியர் விண்கலம் போய்ச் சேர்ந்தது. ஓசோனுக்கு அப்பால் நின்று பார்த்ததால் கந்தக டையாக்ஸைடு அகப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மேகத்தின் மேலே அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டு, முன்னர் ஏதோ எரிமலை பொங்கியிருக்குமோ என்று சிலர் சந்தேகித்தார்கள். எனக்கு இந்தச் சந்தேகம் பிடித்திருக்கிறது, கதைக்காரன் புத்தி.

ஒரு கறை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 1927-ல் ராஸ் என்பவர் எடுத்த புற ஊதாப் படங்களிலேயே வெள்ளியின் மேகத்தில் கருந்திட்டுகள் தெரிந்தன. இரும்புக் குளோரைடு என்கிறார்கள் சிலர். இரண்டு கந்தக அணுவும் இரண்டு பிராணவாயு அணுவும் சேர்ந்த ஒரு வாயு என்கிறார்கள் வேறு சிலர். ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், கந்தக டையாக்ஸைடில் மின்சாரம் பாய்ச்சித்தான் அந்த வாயுவை உண்டாக்க வேண்டியிருக்கிறது. உண்டானதும் குழாய்க்குள்ளேயே சிதைந்துவிடுகிறது.