பழைய டர்போ டீசல் கார் இழுக்கலையா? 'டர்போ போச்சு' என்று முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சாலும் வண்டி எழும்ப மாட்டேங்குது, பின்னால் கரும்புகை. ஒர்க்‌ஷாப்பில் பலருக்கும் கிடைக்கும் பதில்: "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்." செலவு பல்லாயிரம் ரூபாய். ஆனால் பூஸ்ட் குறைவு என்பது ஒரு அறிகுறிதான். அதற்குக் காரணம் கிழிந்த ஒரு ரப்பர் ஹோஸாகவும் இருக்கலாம்.

பூஸ்ட் என்றால் என்ன?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். காற்று குறைந்தால் டீசல் முழுசா எரியாது. இழுவை குறைந்து கரும்புகை வரும்.

மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா எனப் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அதனால் அந்நிறுவனத்தின் டீசல் கார்கள் எல்லாமே இப்போது பழையவைதான். ரப்பர் குழாய்களுக்கும் அதே வயசு.

முதலில் எண்ணைப் பாருங்க

ஸ்கேனரில் 'பி0299' கோடு வந்தால், எதிர்பார்த்த பூஸ்ட் கிடைக்கவில்லை என்று அர்த்தம். டர்போ செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, மேப் சென்சார் காட்டும் அழுத்தத்தைப் பாருங்க. சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் சுமார் 91 காட்ட வேண்டும். இதிலிருந்து ரொம்ப விலகினால் சந்தேகம் சென்சார் மேல்தான்.

அடுத்து, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் எண்ணைக் கவனிக்கட்டும். ஸ்கேனர் 200 காட்டினால் பூஸ்ட் 200 இல்லை. காற்று மண்டல அழுத்தமான 100-ஐக் கழித்தால் வரும் 100, அதாவது ஏறக்குறைய 1 பார்தான் பூஸ்ட். ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் என்றால் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்க.

கசிவு எங்கே?

அதிகம் மாட்டுவது இங்கேதான். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜின் வரை போகும் ஹோஸ்களில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், 'உஸ்' சத்தம் இருக்கிறதா என்று பாருங்க. ஐடிலில் தெரியாத வெடிப்பு, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அதனால் கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. ஸ்மோக் டெஸ்ட் அல்லது குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றும் சோதனை கேளுங்க. ஹோஸின் வெளியே லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேயே இருக்கலாம்.

டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்

மல்டிஜெட்டின் 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போ; 90 குதிரைத்திறன் வகையில் விஜிடி எனப்படும், இறக்கைகள் அசையும் டர்போ. பல விஜிடி டர்போக்களை இயக்குவது வேக்யூம். மெல்லிய வேக்யூம் குழாய் விரிசல் விட்டாலோ, சோலனாய்டு பழுதானாலோ, கரி படிந்து இறக்கைகள் சிக்கினாலோ பூஸ்ட் குறையும். கையால் இயக்கும் வேக்யூம் பம்பை மாட்டினால், ஆக்சுவேட்டர் தண்டு சிக்காமல் நகர்ந்து, இழுத்த இடத்தில் நிற்க வேண்டும். சாதாரண டர்போவில் வேஸ்ட்கேட் திறந்தபடி மாட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

அடைத்த ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், மூடாத இஜிஆர் வால்வு, அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும்.

கடைசியில்தான் டர்போ

இன்ஜின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை ஓட்டில் உரசியிருந்தாலோ டர்போ போய்விட்டது உண்மைதான்.

நீலப்புகை, வேகமாகக் குறையும் ஆயில், அரைக்கும் சத்தம் இருந்தால் வண்டியை ஓட்டாதீங்க. சீல் உடைந்து ஆயில் உள்ளே போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகும் அபாயம் உண்டு.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அப்படியானால் பழைய டர்போ ஏன் செத்தது என்று கேளுங்க. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் தண்டைக் காப்பது ஆயில் படலம்தான். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டதால் ஆயில் ஃபீட் பைப் அடைத்திருந்தால், புது டர்போவும் அதே வழியில் போகும். அந்த பைப்பை மாற்றுவது, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைச் சுத்தம் பண்ணுவது, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடுவது ஆகிய மூன்றும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்க.