வான் பெட்டியும் வாய்திறவாத இறுவட்டும்

2003ஆம் ஆண்டின் நடுப்பகுதி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், கிழக்கின் கரையோர வீதியில் செய்தியாளர்கள் ஓரளவு அச்சமின்றிப் பயணம் செய்த காலம் அது. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலடியிலிருந்து கல்முனைக்கு வாடகை வானொன்றில் புறப்பட்டேன். சாரதி புதிதாக வாங்கிய இறுவட்டொன்றைப் பெட்டிக்குள் செலுத்தினார். பெட்டி அதை விழுங்கியது, சற்று நேரம் சுழற்றியது, பின்னர் வெளியே தள்ளியது. மூன்று முறை முயன்றும் இதே கதைதான்.

"இது எம்.பி. த்ரீ, சேர். நம்மட பெட்டிக்கு வெறும் சீடி மட்டுந்தான் தெரியும்" என்றார்.

இரண்டும் வட்டத் தகடுதானே, வேறுபாடு என்ன என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் தேடி அறிந்துகொண்டேன்.

சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய இறுவட்டு 1982இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. காரில் பொருத்தும் கருவி 1984இல் வந்துவிட்டது. அந்தத் தகட்டில் இருப்பது கோப்பு அன்று. செக்கனுக்கு 44,100 முறை அளந்தெடுத்த ஒலியின் இடையறாத ஓட்டம். அதனால் 74 நிமிடத்தில் தகடு நிறைந்துவிடும், ஏறத்தாழப் பதினைந்து பாட்டு. எம்.பி.3 வேறு சாதி. ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலானோர், மனிதக் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு எஞ்சியதைச் சுருக்கும் வழியைக் கண்டனர். 1995 யூலையில் அக்கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. வழக்கமான சுருக்கத்தில் பதினொன்றில் ஒரு பங்கு இடமே போதும். ஒரே தகட்டில் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பாட்டு. ஆனால் பெட்டிக்குள் கோப்புகளின் அட்டவணையை வாசிக்கவும், சுருக்கியதை விரிக்கவும் தனிச் சில்லு வேண்டும். பழைய பெட்டியில் அது இல்லை. கணினித் தரவுத் தகடு என்று கண்டதும் அது வெளியே தள்ளிவிடும்.

நம் நாட்டு வான்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அவற்றிற் பல யப்பானில் ஓடிக் கழித்தவை. யப்பானின் பண்பலை வரிசை அக்காலத்தில் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் இருந்தது. நம் நிலையங்களிற் பெரும்பாலானவை 90க்கு மேலே. ஆக, வானொலியிருந்தும் பாட்டில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தமிழகமே காத்திருந்து கேட்ட நாட்டில் இப்படியொரு நிலை!

அடுத்த ஆண்டு அதே வானில் ஏறினேன். புதுப்பெட்டி வந்துவிட்டது. தமிழ் எழுத்தைக் கண்டால் அதன் திரையில் வெறும் கட்டங்களே தெரியும். எனவே கோப்புறைகளுக்கு எண்களே பெயர். ஒன்றில் நாகூர் ஹனிபா, இரண்டில் முருகன் பாடல்கள், மூன்றில் சினிமா. இவ்வீதியில் பயணித்தோருக்கு இதன் தேவை விளங்கும். திருக்கோவில், தம்பிலுவில் தமிழூர்கள், பின் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் எனப் பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள், அப்புறம் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, மீண்டும் சாய்ந்தமருது. (யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் நூல் தந்தவர், இந்தக் கழித்துச் சுருக்கும் கணக்கைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) கலவர நினைவுகள் ஆறாத காலத்தில் ஊருக்கேற்ற பாட்டு என்பது வெறும் இரசனைச் சங்கதியன்று. முன்பு கசற் மாற்றிய இடத்தில் இப்போது அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பாங்கொலி கேட்டால் எந்த ஊரானாலும் நிறுத்திவிடுவார்.

நான்காவது கோப்புறையும் இருந்தது. தம்பிலுவில் பெரியவர் ஒருவர் கண்ணகி வழக்குரை பாடிய கசற்றை அவருடைய மகன் பயணத்தில் மறந்துபோக, திருப்பிக் கொடுக்குமுன் கல்முனைக் கடையொன்றில் அதைப் பிரதியெடுத்து வைத்திருந்தார் சாரதி. "நல்ல குரல், சேர்" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. களவுப் பிரதித் தகடுகளால் கலைஞர்கள் இழந்தது கொஞ்சமல்ல. நானே அதைக் கண்டித்து எழுதியவன். இந்தப் பிரதியைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. பெரியவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். கடலோர வீட்டோடு கசற்றுகள் அனைத்தும் போயின. சில வாரங்கள் கழித்து நிவாரணச் செய்திக்காகப் போனபோது சாரதி அந்தத் தகட்டைக் குடும்பத்தாரிடம் நீட்டினார். போட்டுக் கேட்க அவர்களிடம் கருவி ஏது? கூடாரத்தின் முன்னே வானை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, நான்காம் கோப்புறையை ஓடவிட்டார். பெண்கள் தரையில் அமர்ந்தனர். பற்றரி இறங்கிவிடும் என்று நடுவில் இருமுறை எஞ்சினை இயக்க நேர்ந்தது. அந்த இரைச்சலிலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.