கேரள அக்கம்பக்க நோய்த்தணிப்பு வலையமைப்பு

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களையும் தீராத நோயுள்ளவர்களையும் அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குத் துணைநிற்கிற சமூக ஏற்பாடு இது. கோழிக்கோட்டில் 1993இல் வலிநிவாரணப் பணியாகத் தொடங்கி, 2001ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் மாவட்டத்தில் இப்போதைய வடிவத்தைப் பெற்றது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள்தான் இதன் முதுகெலும்பு. செவிலியர்களும் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்து இயங்குகிறார்கள். பின்னாளில் ஊராட்சிகளும் இணைந்தன. கேரள மக்கள் இதைச் சுருக்கமாகப் ‘பாலியேட்டிவ்’ என்றே சொல்கிறார்கள்.

தோற்றம்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர்களான எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும், தன்னார்வலரான அசோக் குமாரோடு சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தை நிறுவினார்கள். புற்றுநோய் முற்றியவர்களின் வலியைக் குறைப்பதே முதல் நோக்கம். ஆனால் மருத்துவகத்தைத் தேடி வர முடிந்தவர்கள் ஓரளவு நடமாட்டம் உள்ளவர்கள் மட்டுமே. உதவி மிகத் தேவைப்பட்டவர்கள் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் வீட்டில் கிடந்தார்கள். அவர்களைக் கார் பிடித்துக் கூட்டிவருவது ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. ஆகவே சிகிச்சை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து செய்ய மருத்துவர்கள் மட்டும் போதமாட்டார்கள் என்பதும் விரைவிலேயே தெரிந்தது.

இன்னொரு தடை, கடும் வலியைத் தணிக்கும் மார்பின் கிடைக்காதது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், பல உரிமங்கள் ஒரே சமயத்தில் கையில் இருந்தால்தான் மருத்துவமனை இந்த மருந்தை வாங்க முடியும் என்ற நிலை உருவானது. தண்டனைக்கு அஞ்சிய மருந்தகங்கள் வாங்குவதையே விட்டுவிட்டன. 1997இல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் 18 கிலோதான். 1985க்குப் பிறகு ஏறக்குறைய 97 சதவீத வீழ்ச்சி. கேரளம் 1990களின் இறுதியில் தன் விதிகளை எளிதாக்கியது. வீட்டுக்கு மார்பின் கொடுத்தனுப்பினால் தவறான கைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்குக் கோழிக்கோட்டு அனுபவமே பதில் சொன்னது. அங்கே 1,723 நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் வழங்கப்பட்ட மார்பினை ஆராய்ந்து 2001இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை, மருந்து கைமாறியதற்கான தடயம் இல்லை என்று காட்டியது. தேசியச் சட்டம் திருத்தப்பட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டில் நடப்பது

வீட்டுக்கு வரும் குழுவில் ஒரு செவிலியரும் அந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் ஓரிருவரும் இருப்பார்கள். மருத்துவர் தேவைப்படும்போது வருவார். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, மாத்திரை அளவைச் சரிபார்ப்பது ஆகியவை செவிலியரின் வேலை. இவற்றை ஒருமுறை செய்துவிட்டுப் போவதைவிட, கூடவே இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ கற்றுக்கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி என்று சொல்லலாம்.

கற்றுக்கொடுப்பவை சாதாரணமானவைதாம்: அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பில் சுருக்கம் விழாமல் பார்ப்பது, வாயைத் துடைத்து ஈரமாக வைத்திருப்பது, விழுங்கத் திணறுபவரை நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கஞ்சி கொடுப்பது. நாறும் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் வாடை அடங்கிவிடும். பழைய பருத்திப் புடவையைத் துண்டுகளாக வெட்டி, ஆவியில் வேகவைத்துக் கட்டுத்துணியாக்கிக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனைகளில் மதிக்கப்படாத அறிவு இது. ஆனால் ஒரு வீட்டில் மற்றவர்கள் நோயாளியின் அறைக்குள் நுழைவதா வேண்டாமா என்பதைப் புண்ணின் வாடைதான் தீர்மானிக்கிறது.

தன்னார்வலர்களுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் வகுப்பும் அதன்மேல் களப்பயிற்சியும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று எல்லா வகையினரும் வருகிறார்கள். எந்தத் தெருவில் யார் விழுந்துகிடக்கிறார் என்று முதலில் தெரியவருவது இவர்களுக்கே. நோயாளி வீட்டில் அரிசி இல்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான் என்பதையும் இவர்களே கண்டுபிடித்து வழிதேடுகிறார்கள். நிதியும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே திரள்கிறது: கடைகளில் வைக்கும் உண்டியல், மாதாமாதம் தரும் சிறுதொகை, பள்ளிப் பிள்ளைகளின் வசூல்.

அரசின் பங்கு

2008 ஏப்ரலில் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. 2019இல் அது திருத்தப்பட்டது. ஊராட்சிகள் தம் திட்டநிதியிலிருந்து வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கி, ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு இணைந்த செவிலியரை அமர்த்துகின்றன. இந்தச் செவிலியருக்கு மூன்று மாதப் பயிற்சி உண்டு. அவர் கையை மீறியவை வட்ட மருத்துவமனைக்கும், அதையும் மீறியவை மருத்துவக் கல்லூரிக்கும் போகும். கோழிக்கோட்டு நோய்த்தணிப்பு மருத்துவ நிறுவனம் 2010இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமானது. மக்கள்தொகையில் 3 சதவீதமே உள்ள கேரளம் நாட்டின் நோய்த்தணிப்புச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கை வழங்குவதாக அதே ஆண்டு வெளிவந்த எக்கனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை குறிப்பிட்டது.

வீட்டுப் பராமரிப்பின் தேவைக்குப் பின்னணி உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 60 வயதைக் கடந்தோர் 12.6 சதவீதம், இந்தியச் சராசரி 8.6. பிள்ளைகளில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். பணம் மாதம் தவறாமல் வந்தாலும், தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன. ஆகவே புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய சேவை பக்கவாதம், தண்டுவட முறிவு, சிறுநீரகச் செயலிழப்பு, முதுமைத் தளர்ச்சி என்று விரிந்தது.

விமர்சனங்கள்

இந்த விரிவே முதல் சர்ச்சை. எல்லாப் படுக்கையாளிகளையும் சேர்த்துக்கொண்டதால் கடும் வலிக்கான நுட்பமான மருத்துவம் நீர்த்துப்போகிறது என்று மருத்துவர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். அரிசி தருவதும் மார்பின் தருவதும் ஒரே துன்பத்தின் இரண்டு பக்கங்கள் என்பது மறுசாராரின் வாதம்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. பாராட்டுரைகள் அதைத் தொடுவதில்லை. குழு மாதத்துக்கு ஓரிருமுறைதான் வருகிறது. மீதி நாட்களும் எல்லா இரவுகளும் வீட்டுப் பெண் ஒருவர் தலையில்தான். முழுநேரமும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏழைக் குடும்ப உறுப்பினருக்கு மாநிலச் சமூகப் பாதுகாப்பு இயக்கம் ‘ஆசுவாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் தருகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவருக்கு இது ஈடாகாது. அந்தத் தொகையும் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது உண்டு. மறதி நோயாளிகள் விஷயத்தில் இந்த முறை இன்னும் திணறுகிறது. நடக்கத் தெம்புள்ள, வழி தெரியாத முதியவருக்குத் தேவை குழாய் மாற்றுபவர் அல்ல, நாள் முழுக்கக் கண்காணிக்கும் ஒருவர்.

தமிழ்நாட்டோடு ஒப்பீடு

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். ஆனால் அமைப்பு வேறு. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுசேர்ப்பதே அதன் முதல் வேலை. வீடுகளுக்குப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகை பெற்று அரசுத் திட்டத்துக்குள் இயங்குகிறார்கள். கேரளத்தைப் போல ஊர்க்காரர்கள் நிதி திரட்டித் தாமே நடத்தும் அமைப்பு அதில் இல்லை.