சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடிய எலி

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்தாள். முகமே சரியில்லை. கல்லூரி விழாவில் நான்கு பேர் சேர்ந்து செய்த 'மைக்ரோமௌஸ்' என்ற குட்டி ரோபோ, போட்டியில் பாதி வழியிலேயே சுவரில் முட்டி நின்றுவிட்டதாம். ஆறு மாத உழைப்பு.

"வழி அதுக்குத் தெரியும் தாத்தா. ஒரு திருப்பத்துல சக்கரம் வழுக்கிடுச்சு. அதுக்கப்புறம் எந்தக் கட்டத்துல நிக்கிறோம்னே தப்பா நெனச்சுக்கிச்சு."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த எலிப் பந்தயத்தின் பழைய கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

நான் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ரேக் ரேக்காக ரிலேக்கள். காலை பத்து மணிக்கு மேல் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவோம்.

முதல் எலியும் எங்கள் ரிலேக்களில்தான் பிறந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் 1950இல் அதைச் செய்தார். தீசியஸ் என்று கிரேக்கக் கதை நாயகனின் பெயரை அதற்கு வைத்தார். வயரிங் வேலையில் மனைவி பெட்டியும் கூட இருந்தாராம். மொத்தம் 25 கட்டங்கள், இடம் மாற்றி வைக்கக்கூடிய சுவர்கள். எலியின் வயிற்றில் ஒரு காந்தம். மூளை எலியிடம் இல்லை, தரைக்கு அடியில் இருந்தது. ஒரு கட்டத்துக்கு இரண்டு ரிலே. இரண்டு ரிலே என்றால் நான்கு நிலை, அதாவது நான்கு திசை. கடைசியாக எந்தத் திசையில் வெளியேறியது என்பதை அந்த ரிலேக்கள் பிடித்து வைத்திருக்கும். முதல் தடவை தட்டுத் தடுமாறிப் போகும் எலி, இரண்டாம் தடவை நேரே போய்விடும்.

எலி தன் மூளையைத் தானே சுமந்து ஓட வேண்டும் என்ற போட்டி வந்தது மைக்ரோபிராசசர் வந்த பிறகுதான். ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 1977இல் அறிவித்தது. சுமார் 6,000 பேர் ஆர்வம் காட்டினார்களாம். இறுதிப் போட்டி 1979 ஜூனில் நியூயார்க்கில், தேசியக் கம்ப்யூட்டர் மாநாட்டில் நடந்தது. கம்ப்யூட்டர் தொழில்காரர்கள் எல்லாம் கூடும் பெரிய மாநாடு அது. ஆனால் ஓடும் நிலையில் எலியைக் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலரே. அறிவிப்பைப் பார்த்ததும் ஆசைப்படுவதற்கும், பேட்டரி போட்டு நகர வைப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அப்படி.

அங்கே ஒரு வேடிக்கை. புதிர்ப்பாதைக்கு உள்ளே போகும் வாசலும் வெளியே வரும் வாசலும் ஓரத்திலேயே இருந்தன. ஒரு பக்கச் சுவரைத் தொட்டபடியே போய்க்கொண்டிருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடலாம். நினைவு வேண்டாம், கணக்கு வேண்டாம். யோசிக்கிற எலிகள் நின்று யோசித்துக்கொண்டிருக்க, சுவரைத் தொட்டு ஓடிய மூளையில்லாத எலி விர்ரென்று ஓடி ஜெயித்துவிட்டது.

குறை எலிகளிடம் இல்லை, பாதையில்தான் என்று கண்டவர் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ்லி. 1980இல் லண்டனில் யூரோமைக்ரோ மாநாட்டில் அவர் நடத்திய போட்டியில், சேர வேண்டிய இடத்தை நட்ட நடுவில் வைத்தார். 16க்கு 16, மொத்தம் 256 கட்டங்கள். கோயிலில் வெளிமதிலை இடது கையால் தொட்டபடி எத்தனை சுற்று வந்தாலும், நடுவில் தனியாக நிற்கும் கர்ப்பக்கிரகத்துக்குப் போய்ச் சேர முடியாதல்லவா? அதே கதைதான். சுவர் எலி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடுவைக் கண்டுபிடித்து, வந்துவிட்டோம் என்று தனக்கே தெரிந்த முதல் எலி நிக் ஸ்மித்தின் 'ஸ்டெர்லிங் மௌஸ்'. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை.

ஜப்பானிலும் அதே 1980இல் தேசியப் போட்டி தொடங்கிவிட்டது. 1985இல் த்சுகுபாவில் உலகப் போட்டி நடந்தபோது முதல் பரிசு அவர்களுக்கே போனது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு எலெக்ட்ரானிக் முறை வரப்போகிறது என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது 44 வயது. முதல் தேர்வில் தேறவில்லை. சத்தமே போடாத ஒரு மெஷின் எதையோ நினைவில் வைத்திருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. தேறாவிட்டால் வேறு ஊருக்கு மாற்றல். வீட்டில் இரண்டு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தூக்கம் வராது.

பாடம் எடுத்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "சார், கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, இந்தப் போட்டி பற்றிய கட்டுரையின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார். பிறகு கரும்பலகையில் கட்டங்கள் போட்டார். நடுவில் பூஜ்யம். அதை ஒட்டிய கட்டங்களில் 1, அடுத்து 2, அடுத்து 3. நடுவில் கொட்டிய தண்ணீர் பரவுகிற மாதிரி எண்கள் ஓரம்வரை போயின. எலி எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்குப் போகும். வழியில் புதிதாகச் சுவர் தென்பட்டால் அதைக் குறித்துக்கொண்டு எண்களைத் திரும்பப் போடும். "ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் சார். 256 பைட் போதும். உங்க ரிலே செய்யறதைத்தான் இதுவும் செய்யுது, சத்தம் மட்டும் கிடையாது" என்றார். ஷானனுடைய எலியைப் பற்றி முதலில் சொன்னவரும் அவர்தான். இரண்டாம் தடவை தேறினேன். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறாரோ.

"அந்த எண் போடறதைத்தான் தாத்தா நாங்களும் புரோகிராம்ல எழுதியிருக்கோம்" என்றாள் பேத்தி. சக்கரச் சுற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வழுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். பக்கவாட்டில் சுவர் முடியும் இடத்தைக் கண்டதும், 'இது கட்டத்தின் எல்லை' என்று கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னேன். "தெரியும், எழுத நேரமில்லை" என்றாள். இந்த பதிலை நானும் எத்தனையோ ஜே.இ.க்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அலமாரியில் ஒரு பழைய ரிலே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சைக் கழற்றியபோது ஏலம் எடுத்தவரிடம் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியது. ஆர்மேச்சரை விரலால் அழுத்திக் காட்டினேன். 'டிக்'. அவளும் அழுத்திப் பார்த்தாள். நாலைந்து தடவை. ஊருக்குக் கிளம்பும்போது கேட்காமலே பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். காண்டாக்ட் எல்லாம் கறுத்திருந்தது, துடைத்துக் கொடுத்திருக்கலாம்.