நொட்டும் மீற்றரும்

தரையிலே வேகத்தைக் கிலோமீற்றரிற் கூறும் நாடுகளும் கடலில் ‘நொட்’ என்னும் அலகையே இன்றும் கையாளுகின்றன. ஒரு நொட் மணிக்கு 1.852 கிலோமீற்றராகும்; செக்கனுக்கு ஏறத்தாழ 0.514 மீற்றர். 20 நொட் வேகமுடைய கப்பல் மணிக்கு 37.04 கிலோமீற்றர் செல்லும். பெருக்கல் எளிது, ஆனால் 1.852 என்னும் இவ்வெண் எவ்வாறு பிறந்தது? நொட் பழைமையின் எச்சம், மீற்றர் பகுத்தறிவின் படைப்பு என்பதே பொதுவான எண்ணம். வரலாறு இதனை ஆதரிக்கவில்லை.

‘நொட்’ என்பதன் பொருள் முடிச்சு என்பதாகும். மாலுமிகள் கயிற்றிற் கட்டிய மரப்பலகையைக் கப்பலின் பின்புறத்தே கடலில் விட்டு, மணற்கடிகை ஒழுகி முடியுமுன் கைவழியே ஓடிய முடிச்சுகளை எண்ணினர். பலகையும் கயிறும் கொண்டு வேகத்தை அளக்கும் முறையை 1574 இல் வில்லியம் போர்ண் என்னும் ஆங்கிலேயர் நூலில் விவரித்துள்ளார். முடிச்சுகளின் இடைவெளி சரியாக அமையக் கடல்மைலின் நீளம் தெரிதல் வேண்டும். கடல்மைலோ பூமியின் நெடுங்கோட்டில் ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கு, அதாவது ஒரு கலை. றிச்சர்ட் நோர்வூட் இலண்டனுக்கும் யோர்க்குக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, கடல்மைல் ஏறத்தாழ 6120 அடி என 1637 இல் வெளியிட்டார். எனவே நொட்டும் பூமியை அளந்து பெற்ற அலகேயாம்.

மீற்றரின் பிறப்பும் இதுவே. முனைவிலிருந்து மத்தியகோடு வரையுள்ள தூரத்தின் கோடியிலொரு பங்கே மீற்றர் எனப் பிரான்சு 1791 இல் தீர்மானித்தது. டெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் 1798 வரை டன்கேர்க்கிலிருந்து பார்சலோனா வரை அளந்தனர். அவ்வறிஞர்களின் திட்டத்தில் மற்றொரு பாதியும் இருந்தது. செங்கோணத்தை 90 பாகையாகவன்றி 100 கூறுகளாகவும், ஒவ்வொரு கூற்றையும் மீண்டும் 100 ஆகவும் பகுத்தல் என்பதே அது. அது நிலைத்திருப்பின் கோணத்தின் மிகச்சிறு கூறு ஒன்றுக்குப் பூமியில் ஒரு கிலோமீற்றர் ஒத்திருக்கும்; கிலோமீற்றரே கடல்மைலாகியிருக்கும்; மாற்றீடே தேவைப்பட்டிராது.

நீளத்தின் அலகு மாறியது. கோணத்தின் அலகு மாறவில்லை. கடற்படங்கள், கருவிகள், அட்டவணைகள், ஒரு மணிக்கு 15 பாகை எனச் சுழலும் பூமியைக் கணிக்கும் கடிகாரங்கள் யாவும் 360 பாகையோடு பிணைந்திருந்தன. ஆகவே 10,000 கிலோமீற்றரை 5400 கலைகளாற் பகுக்க வேண்டியதாயிற்று. ஈவு 1.85185. மொனாக்கோவில் 1929 இல் நடைபெற்ற சர்வதேச நீரியல் மாநாடு இதனை 1852 மீற்றர் என முழுமையாக்கியது. ஐக்கிய அமெரிக்கா 1954 இலும், 6080 அடியைக் கைக்கொண்டிருந்த பிரித்தானியா 1970 இலும் அதனை ஏற்றன.

எனவே 1.852 என்பது பழைமைக்கும் புதுமைக்கும் இடைப்பட்ட தூரமன்று. பாதியில் நின்ற ஒரு சீர்திருத்தத்தின் தழும்பு. மனிதர் தம் அளவுகோலை மாற்றலாம். அதனைச் சூழ்ந்து வளர்ந்த கருவிகளையும் பழக்கங்களையும் மாற்றாதவிடத்து, மாற்றம் முழுமை பெறுவதில்லை.